மெதுவான கணினியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மாற்றினோம்: வெள்ளவத்தைக் கடையொன்றில் லினக்ஸ்

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் சிறிய கொமியூனிகேஷன் கடை இது. போட்டோகொப்பி, பிரின்ட், ஸ்கேன், ரீலோட், சுயவிபரக்கோவை அடித்துக் கொடுப்பது, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது என்று வழமையான வேலைகள். அவற்றோடு மரண அறிவித்தல், திருமண அழைப்பிதழ், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் ஆகியவற்றின் பக்க வடிவமைப்பும் உண்டு. கடைக்கு நல்ல வருமானம் தருவது இந்தக் கடைசிப் பகுதிதான். மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸ்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. திரையில் அந்த அறிவிப்பு அடிக்கடி வரத் தொடங்கியதும் உரிமையாளர் கூப்பிட்டார். மூலையில் இருந்த, இருப்பதிலேயே பழைய கணினியைக் காட்டி, "தம்பி, இதுதான் சரியான ஸ்லோ. அந்தச் சும்மா கிடைக்கிற சிஸ்டத்தை இதுக்குப் போட்டு விடுங்கோ. மற்ற ரெண்டும் இப்போதைக்கு ஓடட்டும்" என்றார்.

கேட்க நியாயமான பேச்சுத்தான். பழைய கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் என்பது எல்லோரும் சொல்லும் வைத்தியம். ஆனால் இந்தக் கடையில் கடைசியில் நடந்தது நேரெதிர்: அந்தப் பழைய கணினியைத் தொடாமல் விட்டோம், மற்ற இரண்டையும் மாற்றினோம். ஏன் அப்படி ஆனது என்பதுதான் இந்த ஆய்வு.

மூன்று கணினிகளும் என்ன நிலையில் இருந்தன

மூலைக் கணினி கோர் 2 டுவோ, ஜி41 மதர்போர்ட், 2 ஜிபி ராம், 32 பிட் விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்துவிட்டது. மற்ற இரண்டில் ஒன்று இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, மற்றது நான்காம் தலைமுறை. இரண்டுக்கும் 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

விண்டோஸ் 11 என்ற பேச்சு இங்கே சீக்கிரம் முடிந்துபோனது. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான் மைக்ரோசொஃப்டின் பட்டியலில் இருக்கின்றன. பரிசோதனையைச் சுற்றிப் போய் ஏற்றும் வழிகள் உண்டு. ஐ3 இரண்டிலும் ஏறக்கூடச் செய்யும். ஆனால் ஆதரவில்லாத விண்டோஸ் 10ஐ விட்டுவிட்டு ஆதரவில்லாத விண்டோஸ் 11க்குப் போவதில் கடைக்கு என்ன இலாபம்? கோர் 2 டுவோவில் அந்தச் சுற்றுவழியும் இல்லை. 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 கட்டளைத் தொகுதி இல்லாத சிப்பில் விண்டோஸ் 11 தொடங்கவே தொடங்காது.

இன்னொரு வழி, விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு. அது முறையான உரிமமுள்ள 22எச்2 பதிப்புக்கு மட்டும். இந்தக் கணினிகளின் உரிமத்தைப் பற்றிக் கேட்டால் உரிமையாளர் சிரித்துக்கொண்டு பிளேன்டீ சொல்லுவார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறது என்று சொன்னேன். இரண்டாவது பிளேன்டீயும் வந்தது.

புதிதாக வாங்குவதா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் அடுத்த மாதமே 300ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கடைகளில் "புதுக் கம்பியூட்டர்" என்ற பேச்சு எடுபடுவதில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த சிபியூக்கள் கிடைக்கும்தான். ஆனால் அவற்றிலும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவைதான் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன.

எந்தக் கணினியில் எந்த வேலை

எதையும் ஏற்றுவதற்கு முன் உரிமையாளரிடமும் தட்டச்சு செய்யும் அக்காவிடமும் ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு கணினியிலும் ஒரு கிழமை என்னென்ன திறக்கிறீர்கள் என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துவையுங்கள் என்றேன். இதைச் செய்யாமல் இயங்குதளம் மாற்றுகிறவர்களுக்கு அடுத்த நாள் காலையில் தொலைபேசி அழைப்பு வருவது நிச்சயம்.

குறிப்பைப் பார்த்ததும் படம் மாறிவிட்டது. ஐ3 இரண்டிலும் திறப்பது எல்லாமே பிரவுசருக்குள் நடக்கும் வேலை: வாட்ஸ்அப் வெப்பில் வந்த பிடிஎஃப்பை அச்சிடுவது, மின்னஞ்சல், பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் பெறுபேறு பார்ப்பது, விண்ணப்பங்கள். நடுவே வேர்டில் சுயவிபரக்கோவைகள். மூலைக் கணினியில் நடப்பதோ இரண்டே வேலைதான். ஒன்று பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7. மற்றது அதோடு இணைத்திருக்கும் பழைய லேசர் பிரின்டர்.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதற்குப் பிறகு அடோபி புதிய பதிப்பு எதையும் வெளியிடவில்லை. ஆனாலும் இலங்கைத் தமிழ் அச்சு வேலையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கடையில் பழைய கல்வெட்டுகள், அழைப்பிதழ்கள் எல்லாம் அந்தக் கோப்பு வடிவத்தில்தான். ஒரு குடும்பத்தில் தாத்தாவுக்கு அடித்த கல்வெட்டை எடுத்து, தேவாரப் பக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு, வாழ்க்கை வரலாற்றையும் வம்ச விபரத்தையும் மாற்றிப் பாட்டிக்கு அடிப்பார்கள். பழைய கோப்புத் திறக்காவிட்டால் வேலையை முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்தியேட்டிக்கோ நாள் குறித்தாயிற்று.

லினக்ஸில் வேர்ட், எக்செல் வேலைகளுக்குப் பாவிக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸ், 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். முயன்று பார்த்தோம். எழுத்து வந்தது, படங்கள் ஓரளவுக்கு வந்தன, ஆனால் பத்திகள் தங்கள் கட்டங்களை விட்டு வழிந்தன. பழைய கல்வெட்டிலிருந்து எழுத்தை மீட்க இது போதும். அச்சுக்கு அனுப்பப் போதாது.

இன்னொன்றும் தெளிவானது. பேஜ்மேக்கருக்கு 2 ஜிபி ராமே தாராளம். அது எழுதப்பட்ட காலத்துக் கணினிகளுக்கு அது கனவு. மூலைக் கணினி 'ஸ்லோ' ஆனது அதில் யாராவது இடையில் பிரவுசரைத் திறப்பதால்தான். இன்றைய இணையத் தளங்கள்தான் ராமைத் தின்கின்றன. ஆக, பழைய மென்பொருள் பழைய கணினியிலேயே இருக்கட்டும், பிரவுசர் வேலை வலுவான கணினிகளுக்குப் போகட்டும், அந்த வலுவான கணினிகள்தான் இணையத்தில் இருப்பவை என்பதால் பாதுகாப்புப் புதுப்பிப்பு தேவைப்படுவதும் அவற்றுக்கே என்று முடிவெடுத்தோம். மூலைக் கணினியின் இணையத் தொடர்பைத் துண்டித்தோம். உரிமையாளருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. "அப்ப ஸ்லோவா இருக்கிறது அப்படியே கிடக்கப் போகுதோ?" பிரவுசரின் குறுக்குவழிப் படத்தை அழித்துவிட்டு ஒரு நாள் பாவித்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

ஏற்றிய விதம்

லினக்ஸில் பல வகை உண்டு. எங்கள் தெரிவு லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ மேசைச் சூழல். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. குறைந்தபட்சம் 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி ராம் என்பது அவர்கள் சொல்லும் அளவு. விண்டோஸ் போலவே கீழே ஒரு பட்டை, இடது மூலையில் பட்டியல். கடையில் புதிதாக எதையும் படிக்கவேண்டியிருக்கக் கூடாது என்பதுதான் என் முதல் நிபந்தனை, அழகு பிறகு.

பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பார்த்தோம். வைஃபை, ஒலி, ஸ்கேனர், திரை அளவு எல்லாம் சரியாக வந்த பிறகுதான் டிஸ்கைத் தொட்டோம். நான்காம் தலைமுறை ஐ3 முதலில் நடுநடுவே உறைந்தது. மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் மூடியைத் திறந்தேன். கடலோரக் கடை அல்லவா, உப்புக்காற்று ஆணிகளில் துருவாகத் தெரிந்தது. ராமைக் கழற்றி அதன் தங்க முனைகளை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகியதும் உறைவது நின்றது.

ஒரு ஐ3க்கு, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகச் சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி போட்டோம். மற்றதைச் சில காலம் பழைய ஹார்ட் டிஸ்கிலேயே விட்டோம். காசு அப்போது ஒன்றுக்குத்தான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. ஹார்ட் டிஸ்கில் ஓடிய மின்ட், முன்பிருந்த விண்டோஸ் 10ஐ விடச் சுறுசுறுப்புத்தான். பின்னணியில் டிஸ்கை ஓயாமல் சுரண்டும் வேலைகள் குறைவு. ஆனால் ஃபயர்ஃபொக்ஸைத் திறந்துவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. எஸ்எஸ்டி போட்டதில் காத்திருப்பே இல்லை. லினக்ஸ் போட்டால் பழைய கணினி பறக்கும் என்று சொல்கிறவர்களில் பலர் அதே நாளில் எஸ்எஸ்டியும் போட்டிருப்பார்கள். வேகத்தின் பெரும் பங்கு எஸ்எஸ்டிக்குரியது. லினக்ஸ் தந்தது நாலு வருடப் புதுப்பிப்பும் உரிமப் பிரச்சினை இல்லாத நிம்மதியும்.

மாறும் காலத்தில் ஒரு கணினியில் விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருந்தோம். ஒரு காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் விடியப்புறம் மூன்றரை காட்டியது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக வைத்திருக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். கடைக்காரர் பற்றரி போய்விட்டது என்று புது பற்றரி வாங்கக் கிளம்பிவிட்டார். உள்ளூர் நேரத்தையே வைத்திரு என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் போதும். இதே காலத்தில் வந்த மற்றச் சிக்கல், விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி. அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. லினக்ஸிலிருந்து அதன் டிரைவைப் படிக்கலாம், எழுத விடாது. அந்த வசதியை நிறுத்தியதும் சரி.

பாமினி

இந்த மாற்றத்தில் என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்தது இதுதான்.

அக்கா தட்டச்சு செய்வது பாமினியில். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோட் முறைக்கு முந்திய எழுத்துரு அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். 'இலங்கை' கமாவில் தொடங்கும். கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்.

இதனால் ஒரு நன்மையும் இருந்தது. பாமினிக்கு லினக்ஸில் தனி விசைப்பலகை அமைப்புத் தேவையில்லை. எழுத்துருக் கோப்பைப் பயனரின் எழுத்துரு அடைவில் போட்டோம், அக்கா அதே கையோடு லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் அடிக்கத் தொடங்கினார். முதல் நாள் எல்லாம் நன்றாகப் போவது போல இருந்தது. அப்புறம் அவர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தலைப்பில் 'மரண அறிவித்தல்' என்று அடித்திருக்கிறார்; திரையில் 'முரண அறிவித்தல்' என்று நிற்கிறது. அடுத்த வரியில் 'கண்ணீர்' என்பது 'குண்ணீர்' ஆகியிருக்கிறது.

அக்காவின் கையில் பிழையில்லை. ஒவ்வொரு வசனத்தின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் ரைட்டரில் இயல்பாகவே இயங்குகிறது. பாமினியில் சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. ஆங்கிலம் என்று நினைத்து ரைட்டர் நல்லது செய்கிறது. வேர்டிலும் இதே வசதி உண்டு. அதை யாரோ எப்போதோ நிறுத்திவைத்திருந்ததால் அக்காவுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. தானியங்கித் திருத்தத்தில் அந்தத் தெரிவையும், அடுத்தடுத்து வரும் இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்தும் தெரிவையும் எடுத்துவிட்டோம். பாமினிக்கென்று ஒரு பாணி செய்து அதன் மொழியை 'எதுவுமில்லை' என்று வைத்ததும், பக்கம் முழுக்க நெளிந்த சிவப்புக் கோடுகளும் போயின. மரண அறிவித்தலில் எழுத்துப்பிழை வந்தால் கடை அந்தக் குடும்பத்தையே இழந்துவிடும் என்பதால் இந்த அமைப்புகளை இரண்டு கணினியிலும் நான் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

யூனிகோடுக்கு வேறு கதை. ரைட்டர் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் எழுத்துருவும், தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு வேறோர் எழுத்துருவும் வைத்திருக்கும். பாமினி அதன் கண்ணில் மேற்கத்தியம். யூனிகோட் தமிழ் மற்றது. ஒரே பத்தியில் இரண்டும் கலந்தால் ஒன்றின் அளவு மாறும், மற்றது அப்படியே நிற்கும். அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைக்கான தெரிவை இயக்கி, இரண்டுக்கும் அளவைத் தனித்தனியே குறித்தபின்தான் ஒழுங்கானது. வாடிக்கையாளர்கள் லதா எழுத்துருவில் அனுப்பும் வேர்ட் கோப்புகளில் வரிகள் தள்ளிப்போகும். லதா விண்டோஸோடு வருவது. இங்கே அதற்குப் பதிலாக நோட்டோவோ லோஹித்தோ வந்து உட்காரும், அகலம் ஒத்துவராது. ஆங்கிலச் சுயவிபரக்கோவையில் இந்தத் தொல்லை குறைவு. கலிப்ரிக்கு அதே அகலத்தில் கார்லிட்டோ இருக்கிறது, டைம்ஸுக்கு லிபரேஷன் செரிஃப்.

நேரடியாக யூனிகோடில் அடிக்க, லினக்ஸில் தட்டச்சு முறைகளை மாற்றித் தரும் ஐபஸ்ஸோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுதியைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு அமைப்பு, இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை எல்லாம் கிடைக்கின்றன. கடையில் பகுதிநேரமாக நிற்கும் தங்கை ஒருவர் கைபேசியில் அடித்துப் பழகியவர். அவருக்கு ஒலியியல் முறை போட்டுக் கொடுத்தேன். அக்கா பாமினியில் அடித்து மாற்றியில் போட்டு யூனிகோடாக்கும் பழக்கத்தைத் தொடர்கிறார். அதை மாற்ற நான் முயலவில்லை. அவர் அடிக்கும் வேகத்துக்குக் கிட்ட யாரும் வரமுடியாது.

பிரின்டரும் பென்டிரைவும்

போட்டோகொப்பியோடு சேர்ந்த பெரிய மெஷின் வலைப்பின்னலில் இருப்பது. அதற்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுவான அச்சு மொழி தெரியும். மின்ட் தானாகவே கண்டுபிடித்து அச்சிட்டது. மூலையிலிருக்கும் பழைய லேசர் அப்படியல்ல. அதற்குச் சொந்தமாக ஒரு மொழி, அந்த மொழி தெரிந்த டிரைவர் விண்டோஸுக்குத்தான் ஒழுங்காக இருக்கிறது. விண்டோஸ் கணினியில் அதைப் பகிர்ந்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். பகிர்ந்தாலும் அனுப்புகிற கணினிக்கும் அந்த மொழி தெரிந்திருக்கவேண்டும், ஆகவே அது சும்மா பேச்சு. மூலைக் கணினிக்கு இணையம் இல்லாவிட்டாலும் கடையின் உள் வலைப்பின்னல் உண்டு. அதில் பகிரப்பட்ட அடைவொன்றை வைத்து, மின்டிலிருந்து பிடிஎஃப்பாக அதில் போட்டு, அங்கிருந்து அச்சிடுகிறார்கள்.

எதிர்பாராத இலாபம் பென்டிரைவில் வந்தது. மாணவர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்களில் பாதிக்கு அந்தக் குறுக்குவழி வைரஸ் இருக்கும். உண்மையான அடைவுகளை மறைத்துவிட்டு அதே பெயரில் குறுக்குவழிகளை வைக்கும். அதைச் சொடுக்கினால் கணினிக்கும் தொற்றும். லினக்ஸ் அந்த மறைப்புப் பண்பைக் கவனிப்பதில்லை என்பதால் அடைவுகள் அப்படியே தெரிகின்றன. "அண்ணை, என்ர ப்ரொஜெக்ட் எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று அழாக்குறையாக வரும் பிள்ளைகளுக்கு இங்கே திறந்து காட்டினால் எல்லாம் இருக்கும். வைரஸ் கோப்பு தானாகப் போய்விடுவதில்லை. அதை அழிக்காமல் கொடுத்தால் அடுத்த விண்டோஸ் கணினியில் தன் வேலையைத் தொடங்கும். அதனால் குறுக்குவழிகளை அழித்துவிட்டுக் கொடுப்பது இப்போது கடையின் வழக்கம். மூலைக் கணினியில் பென்டிரைவ் செருகுவது முற்றாகத் தடை.

இதையெல்லாம் யார் செய்கிறார்கள், ஏன் சும்மா தருகிறார்கள், பிறகு காசு கேட்பார்களோ என்பது உரிமையாளருக்கு ஓயாத சந்தேகம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது என்றேன். அது அவருக்கு எட்டாத தூரம். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா மென்பொருளும் இதே வகை, பிறகு வெளிநாட்டுப் பேரிடர்களிலும் அதைப் பாவித்தார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு காசு பற்றிக் கேட்கவில்லை.

இப்போதைய நிலை

இரண்டாவது ஐ3க்கும் எஸ்எஸ்டி போட்டாயிற்று, விண்டோஸ் பகுதியை அழித்தாயிற்று. ஒரு வேலை மட்டும் திரும்பி வந்தது: வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அனுப்பிய எக்செல் கோப்பில் இருந்த மக்ரோ, அதாவது கோப்புக்குள்ளேயே எழுதிவைத்த சிறு நிரல், லிப்ரே ஒஃபிஸில் ஓடவில்லை. அந்த வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார்கள்.

மூலைக் கணினிதான் இன்னும் கவலை. மதர்போர்ட் என்றைக்காவது போகும். குளோன்சில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளால் அதன் டிஸ்க் முழுவதையும் பிம்பமாக எடுத்து இரண்டு இடத்தில் வைத்திருக்கிறோம். ஐ3 ஒன்றின் ராமை 8 ஜிபி ஆக்கியதும், அந்தப் பிம்பத்தை, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் ஓட்டிப் பார்க்கப்போகிறோம். புதிதாக வரும் கல்வெட்டு வேலையை யூனிகோடில், ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து பழகத் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்; 1.6 பதிப்பில் தமிழ் கொம்பும் காலும் உரிய இடத்தில் விழுகின்றன. முதலில் ஓர் அழைப்பிதழ் செய்து பார்க்கிறார். அக்காவின் பழைய கோப்புகளை அதற்குள் கொண்டுபோகும் வேலையை இன்னும் தொடங்கவில்லை.